நான்கு தடவையில் பத்து கெஜம்

2 அக்டோபர் 2019, புதன்

சர்வேயராக இருந்த முப்பத்தொரு வருடமும் மாதம் தவறாமல் பயண நாட்குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான். எந்தக் கிராமம், எந்தப் புல எண், எத்தனை கல் நட்டேன் என்பதுதான் அதில் இருக்கும். ஓய்வு பெற்றபின் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. இன்று மறுபடி தொடங்குகிறேன். சும்மா இருந்தால் கை பரபரக்கிறது.

இடம்: அமெரிக்கா, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். வந்த காரணம்: மகன் கோமதிநாயகம், வயது 36, ஆகஸ்ட் 29 அன்று அலுவலகத்தில் மயங்கி விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு போகவில்லை. என்னிடம் பேசுவது முன்பே குறைவு என்பதால், போயிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மருமகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். இரண்டு வருடமாக. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

அவன் வீட்டிலிருந்து மறுவாழ்வு மருத்துவமனைக்கு என் காலடியில் 1,140 எட்டு. நடந்தே போய் வருகிறேன்.

3 அக்டோபர், வியாழன்

மருத்துவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை காப்பீட்டுத் தரப்பிலிருந்து ஒருவர் பரிசோதிக்க வருவார். அன்று கோமதி யாரும் தாங்காமல் முப்பது அடி நடக்க வேண்டும். இடையில் உட்கார்ந்துகொள்ளலாம், நான்கு தடவைக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் இங்கேயே இன்னும் பயிற்சி உண்டு. முடிக்காவிட்டால், தேறுகிற ஆள் இல்லை என்று எழுதி, நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நடக்கப் பழக்குவார்களா என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை.

இப்போது அவன் எழுந்து நிற்பதற்கே இரண்டு பேர் வேண்டும்.

சமையல்: ரசம், அப்பளம். தாளித்த புகைக்குக் கூரையில் இருந்த கருவி அலறியது. துண்டை வீசி அடக்கினேன்.

5 அக்டோபர், சனி

பயிற்சி இல்லை. அவன் அறையில் தொலைக்காட்சி ஓடியது. இரண்டு கல்லூரிகளின் ஆட்டம். தலையில் கவசம் மாட்டியவர்கள் ஒரு நீள்வட்டப் பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் குவிந்தார்கள். நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மைதான ஓரத்திலிருந்து மூன்று பேர் ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கோல். நாங்கள் நிலம் அளக்கும் சங்கிலி போலவே. ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"எல, என்ன இது? செயின் பிடிச்சு அளக்காங்க!"

"ஃபர்ஸ்ட் டவுன் ஆச்சான்னு பாக்காங்கப்பா" என்றான். வந்த நாள் முதல் அவனாகப் பேசிய முதல் முழு வாக்கியம்.

சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு தடவை கொடுக்கிறார்கள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒரே ஓட்டத்தில் எட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு தடவை எங்கே விழுந்தார்களோ, அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்கலாம். பத்து கெஜம் எட்டிவிட்டால் அதுதான் ஃபர்ஸ்ட் டவுன். பழைய கணக்கு அழிந்து மறுபடி புதிதாக நான்கு தடவை. எட்டாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தச் சங்கிலியின் நீளம் பத்து கெஜம், அதாவது முப்பது அடி.

எட்ட வேண்டிய எல்லை திரையில் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. அடிக்கடி கோடு இடம் மாறுகிறதே, யார் அழிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது டிவில மட்டுந்தான்பா. தரையில கிடையாது. ஆடுதவனுக்கு அந்தச் செயின்தான்."

ஒரு குறை கண்டேன். ஆள் விழுந்ததும் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, குவியலுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு குத்துமதிப்பாகப் பந்தை வைக்கிறார். பிறகு அதிலிருந்து விரற்கடை பிசகாமல் சங்கிலி பிடித்து அளக்கிறார்கள். கல்லைக் கண்ணால் நட்டுவிட்டு தூரத்தை மயிரிழைக்கு அளப்பதா? எங்கள் துறையில் இதற்கு மெமோ வரும்.

"வச்சது வச்சதுதான்பா" என்றான். "செயினைத்தான் எல்லாரும் பாப்பாங்க. வச்ச கையை யாரும் பாக்க மாட்டாங்க."

பொத்தானைத் தைத்து முடித்தேன்.

8 அக்டோபர், செவ்வாய்

நடைப் பயிற்சியாளர் பெயர் வெண்டல். ஆறடி நான்கு அங்குலம் இருப்பார். கல்லூரி நாட்களில் இதே ஆட்டம் ஆடியவராம். நாங்கள் சனிக்கிழமை ஆட்டம் பார்த்ததைக் கோமதி சொல்லியிருக்கிறான். இன்று தாழ்வாரத்தில் தரை ஓடுகளை எண்ணி முப்பது ஓட்டுக்கு இரண்டு முனையிலும் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார். ஓர் ஓடு ஓர் அடி. "உன் அப்பாவுக்கும் தெரியட்டும் என்று மஞ்சள் கோடே போட்டுவிட்டேன்" என்றார்.

அவனுடைய செயலற்ற இடது கையை மடக்கி, விலாவுக்கும் கைக்கும் நடுவே ஒரு பந்தைச் செருகினார். வலது கையில் நாலுகால் கைத்தடி. இடுப்பில் ஒரு பட்டை, விழுந்தால் பிடிக்க. பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளி வருவது என் வேலை. நான்கு தடவையில் மொத்தம் பதினோரு அடி. ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் வெண்டல் குனிந்து, பந்துக்கு நேர் கீழே சுண்ணக்கட்டியால் குறி போட்டார்.

"கால் இருக்கிற இடத்தில் அல்லவா குறி போட வேண்டும்?" என்று கேட்டேன்.

"இந்த ஆட்டத்தில் காலுக்குக் கணக்கு இல்லை, சார். பந்துக்குத்தான்."

மனைவி ஆவுடையிடம் போனில் சொன்னேன். அவளுக்கு மூட்டு வலி, விமானம் ஏற முடியாது. ஊரில் இருந்தபடியே சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு ஒரு மண்டலம் விளக்கு வேண்டியிருக்கிறாள்.

10 அக்டோபர், வியாழன்

பதினான்கு அடி. பந்து இரண்டு முறை நழுவியது. துணி துவைத்தேன்.

14 அக்டோபர், திங்கள்

பதினேழு அடி.

மதியம் அவன் தூங்கியபோது தாழ்வாரத்தை அளந்தேன். ஊரிலிருந்து புறப்படும்போது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் என் பதினைந்து மீட்டர் டேப்பையும் வைத்தேன், ஆவுடை சிரித்தாள். இப்போது உதவியது. வாசல் ஒன்றின் முன்னால் ஓர் ஓடு அரைகுறையாக வெட்டிப் பதித்தது. வெண்டல் அதையும் ஒன்று என்று எண்ணிவிட்டார். நாடாவுக்கு நாடா இருபத்தொன்பது அடி ஏழு அங்குலம். ஐந்து அங்குலம் குறைவு.

வெண்டலிடம் சொன்னேன். அவர் என்னையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு நாடாவைக் கிழித்து ஐந்து அங்குலம் தள்ளி ஒட்டினார். கோமதி கண் விழித்து, நாற்காலியில் வந்து அதைப் பார்த்தான்.

"யாரு மாத்துனது?"

"நான்தான். அளவு தப்பா இருந்துச்சு."

நாற்காலியைத் திருப்பச் சொன்னான். அறைக்குப் போனதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

15 அக்டோபர், செவ்வாய்

பேசவில்லை. பதினைந்து அடி.

16 அக்டோபர், புதன்

பேசவில்லை. பதினாறு.

ஆவுடைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அங்கயும் போயிக் கல்லு நட்டுட்டியளா?" என்றாள். "அஞ்சு இஞ்சுல அமெரிக்கா முங்கிப் போயிருமோ?"

"தப்பான அளவுல நடந்து என்ன பிரயோசனம்?"

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாவ. உங்களுக்குச் சதையே கிடையாதோ? அன்னைக்கும் இப்படித்தான்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். பிறகு மழை பெய்ததா என்று நான் கேட்டேன். பெய்யவில்லை என்றாள்.

19 அக்டோபர், சனி

ஆட்டம் பார்த்தோம். அவன் திரையைப் பார்த்தான், நான் சங்கிலிக்காரர்களைப் பார்த்தேன். ஒருவன் விழுந்துகொண்டே பந்தை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினான். உடம்பு பின்னால், பந்து முன்னால். சங்கிலி வந்து அளந்து, எட்டிவிட்டது என்றார்கள். கோமதி முனகினான். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான்.

20 அக்டோபர், ஞாயிறு

ஆவுடை நிறுத்திய வாக்கியத்தை எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் பதிவு முழுமை ஆகாது.

1998, ஜனவரி. கோமதி பத்தாம் வகுப்பு. பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. நீளம் தாண்டுதலில் அவன்தான் எங்கள் ஊர்ப் பள்ளியின் நம்பிக்கை. முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், "சர்வேயர் இருக்கும்போது நாங்க எதுக்கு அளக்கணும்?" என்று டேப்பை என் கையில் கொடுத்தார். கோமதியின் கடைசித் தாண்டல் அன்றைய மிக நீளமானவற்றில் ஒன்று. விழுந்தபோது பின்னால் சாய்ந்தான். உடம்பில் எந்தப் பாகம் மணலில் பட்டாலும், காலூன்றித் தாவும் பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்து அளக்க வேண்டும் என்பது விதி. குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைத்தடம் இருந்தது. அதிலிருந்து அளந்தேன். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மூன்றாவது இடம்.

அளவு சரி. அதில் இன்றுவரை சந்தேகம் இல்லை.

அதன்பின் அவன் தாண்டவில்லை. ஸ்பைக் ஷூவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான்.

21 அக்டோபர், திங்கள்

இருபத்து மூன்று அடி. வெண்டல் விசில் அடித்தார். கோமதிக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன். தலையை விலக்கவில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

இருபத்தைந்து. இடது கை அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்தக் கைக்கு நேரே பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். பந்து அதில் செருகி வைத்த தேங்காய்போல இருக்கிறது.

23 அக்டோபர், புதன்

இருபத்து நான்கு. வெண்டல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய நாடா இருந்த இடத்தில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேண்டுமானால் நாடாவை அங்கேயே திருப்பி ஒட்டிவிடலாம், வருகிறவர் ஓடுகளை எண்ணிவிட்டுப் போய்விடுவார் என்றார். நல்ல மனிதர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. வேண்டாம் என்றேன்.

வீடு திரும்பும்போது எட்டுகளை எண்ண மறந்துவிட்டேன்.

24 அக்டோபர், வியாழன்

இன்று ஓய்வு கொடுத்தார்கள். நாளை பரிசோதனை.

ஞாயிறு எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மணல் குழியை ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் பலகையால் இழுத்துச் சமப்படுத்த வேண்டும். அன்று இழுத்தவர்கள் சரியாக இழுக்கவில்லை. முந்தைய பையன் கை ஊன்றிய தடங்களும் அங்கங்கே இருந்தன. அந்தக் கைத்தடம் கோமதியுடையதா, முன்னால் தாண்டியவனுடையதா என்று எனக்குத் தெரியாது. சுற்றிலும் நாலு பள்ளிக்கூடத்து ஆட்கள் நின்றார்கள். அப்பன் அளக்கிறான், மகன் ஜெயிக்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். பயந்துதான் அந்தத் தடத்தில் டேப்பின் முனையை வைத்தேன். அளந்தது நேர்மை. வைத்தது பயம். இருபத்தொரு வருடமாக அளவைப் பற்றி மட்டும்தான் எல்லோரிடமும் பேசி வந்திருக்கிறேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

25 அக்டோபர், வெள்ளி

காலை பத்து மணி. பரிசோதிக்க வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும், கையில் கணினிப் பலகை. டேப் பிடிப்பது யார் என்று கேட்டார். வெண்டல் என்னைக் காட்டி, "இவர் முப்பது வருடம் நிலம் அளந்த அதிகாரி. நான் போட்ட மஞ்சள் கோட்டையே திருத்தியவர்" என்றார். அம்மாள் தலையசைத்தார். நாற்காலி தள்ளுவதை ஒரு செவிலியர் ஏற்றுக்கொண்டார்.

முதல் தடவை: ஒன்பது அடி. நன்றாக நடந்தான்.

இரண்டாவது: ஏழரை. இடது பாதம் இழுத்தது.

மூன்றாவது: ஏழு. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மொத்தம் இருபத்து மூன்றரை. இன்னும் ஆறரை அடி வேண்டும். வெண்டல் அவன் காதருகே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

நான்காவது தடவை எழுந்தபோதே முழங்கால் நடுங்கியது. நாலு அடி வந்தான். ஐந்து. வெண்டல் இடுப்புப் பட்டையைத் தொடாமல், ஆனால் கையை அருகிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்தார். பழைய நாடாவின் பசைத் தடத்தை அவன் கால் தாண்டியது. இன்னும் ஐந்து அங்குலம். அங்கே கைத்தடி வழுக்கியது. முன்னால் சாய்ந்தான்.

சாய்ந்தபோது அந்தக் கை நகர்ந்தது. எட்டு வாரமாக எல்லாத் தாளிலும் பூஜ்யம் வாங்கிய இடது கை விலாவை விட்டுப் பிரிந்து, பந்தை முன்னால் தள்ளியது. ஒரு சாண் இருக்கும், அதற்கு மேல் இல்லை. வெண்டல் பட்டையைப் பிடித்துவிட்டார். முழங்கால் தரையில் பட்டபோது பந்து அவன் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்டியிட்டு அளந்தேன். ஒரு முறை அளந்துவிட்டு, மறுபடி அளந்தேன்.

"என் தாளில் முப்பது அடி நடந்தாரா என்றுதான் கேட்டிருக்கிறது" என்றார் அம்மாள். "எந்த எண்ணை எழுதட்டும்?"

கோமதி தரையில் இருந்தபடி என்னைப் பார்த்தான். 1998லும் இப்படித்தான் மணலில் உட்கார்ந்துகொண்டு பார்த்தான்.

"இரண்டையும் எழுதுங்கள்" என்றேன். "கால் இருபத்தொன்பது அடி எட்டு அங்குலம். பந்து முப்பது அடி ஒரு அங்குலம். காலைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அது எட்டவில்லை. ஆனால் அந்த ஒரு அங்குலத்தை எட்டிய கை எது என்பதையும் எழுதுங்கள்." என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம்.

அம்மாள் குனிந்து அவன் கையைப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். சுண்டு விரலும் அதன் அடுத்த விரலும் அசைந்தன. பலகையில் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் படித்தார். "இந்தக் கை இதுவரை அசைந்ததே இல்லையா?" இல்லை என்றார் வெண்டல். "அப்படியானால் இவர் தேறவில்லை என்று நான் எப்படி எழுதுவேன்?" என்றார் அம்மாள். இன்னும் மூன்று வாரப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

வெண்டல் எழுந்து, ஒரு கையை நேராக முன்னால் நீட்டி, தாழ்வாரம் அதிர, "ஃபர்ஸ்ட் டவுன்!" என்றார். மைதானத்தில் அப்படித்தான் காட்டுவார்களாம். செவிலியர்கள் கை தட்டினார்கள்.

நான் அவனிடம் போனேன். நாற்காலியில் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். நேற்று இங்கே எழுதியதைச் சொன்னேன்.

"எல, அன்னைக்கு அந்தக் கைத்தடம். அது உன்னுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் வச்சேன். பயத்துல வச்சேன்."

அவன் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தான்.

"என்னுதுதாம்பா" என்றான். "இந்தக் கைதான். ஊன்றும்போதே தெரிஞ்சு போச்சு, போச்சுடான்னு. நீங்க சரியாத்தான் வச்சீங்க."

"அப்புறம் ஏம்ல இத்தனை வருசம்?"

"அளந்து முடிச்சதும் டேப்பைச் சுருட்டிட்டு அடுத்த பையனுக்குப் போயிட்டீங்க. நான் மண்ணுலயே உக்காந்திருந்தேன். நீங்க வருவீங்கன்னு."

அவன் இடது கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு வரும்வரை அங்கேயே இருந்தேன்.

26 அக்டோபர், சனி

ஆவுடைக்குச் சொன்னேன். ஐந்து அங்குலத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அழுதாள். நாளை தீபாவளி. அரிசி வாங்கினேன், கேசரிக்கு ரவையும்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் செவிலியர் என் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நேற்று மாலை வரை தாழ்வாரத்திலேயே முழு நீளத்துக்கு விரிந்து கிடந்ததாம். எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனார்களாம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் சுருட்டாமல் களத்தை விட்டு வந்தவன் இல்லை நான்.

சுருட்டிப் பையில் வைத்தேன். திங்கட்கிழமை பயிற்சி. தடவைக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.